கல்விப் புள்ளியியலோடு சிங்காரவேலன் பொருத படலம்

வாழி, வாழி! இருபத்தாறு ஆண்டு சாக்பீஸ் துகளைத் திருநீறெனப் பூசிய கையன், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவை ஒற்றை முறைப்பில் அடக்கிய விழியன், பழுப்பு நிலக்கரி சூழ் நெய்வேலி நகரியத்துத் தமிழாசிரியன், குறிஞ்சிப்பாடி தந்த குலவிளக்கு சிங்காரவேலன் வாழி! அம்மாவீரன் யாரெனக் கேட்பீராயின், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடியேன்தான். என்னைப் பாட வேறெவரும் முன்வராததால் நானே பாடிக்கொள்கிறேன்.

போர் மூண்ட காரணம் கேண்மின். எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் நாற்காலி ஜூன் மாதம் காலியாகிறது, எம்.எட். முடித்தவருக்கே அது என்று நிர்வாகம் முரசறைந்துவிட்டது. அஞ்சல்வழியே அப்பட்டத்தின்மேல் படையெடுத்த அடியேன், ஏழு தாள்களை வென்று, கல்விப் புள்ளியியல் என்னும் எட்டாம் தாளிடம் மட்டும் மும்முறை புறமுதுகிட்டவன். ஐம்பது மதிப்பெண் வேண்டும். பதிவுக் காலம் முடிவதால் இதுவே கடைசி வாய்ப்பு.

"உங்களுக்குப் பத்து வருசம் ஜூனியரு அந்தத் திலகவதி டீச்சரு. இந்தத் தபாவும் கோட்ட வுட்டீங்கன்னா அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்கு லீவு, பாத்துக்குங்க" என்று வீரவாழ்த்துக் கூறி வழியனுப்பினாள் என் இல்லக்கிழத்தி கலியம்மாள்.

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு, அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்து நண்பகல் தாண்டி, இரண்டாம் ஷிப்ட்டுக்கு ஆளேற்றிய பேருந்துகள் மைன்ஸ் நோக்கி உறுமிச் செல்ல, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சியில் என் தொப்பையைத் திணித்துக் களம் புகுந்தேன். கண்காணிப்பாளராக நின்றவள் இசைப்பிரியா; முன்னொரு காலத்தில் என்னிடம் செய்யுள் ஒப்பிக்காமல் பெஞ்சிமேல் ஏறி நின்றவள். இன்று அவள் தந்த தாளை எழுந்து நின்று வாங்கினேன்.

எதிரே திட்டவிலக்கம் என்னும் கொடும்பகைவன்! கூட்டல் வேல் எறிந்தேன், வகுத்தல் வாள் சுழற்றினேன். நூற்றுக்கு நடந்த தேர்வில், கணக்கின் முதற்படியான மாணவர் சராசரியே நூற்றிருபது என்று விடை வந்தது. அஞ்சினேனா? அடித்துவிட்டு மறுபடி பொருதேன், எண்பத்தொன்று வந்தது, அப்பாடா என்று அதை விட்டுவிட்டேன். அடுத்து 'தொடர்புக் கெழு'வைக் கண்டு, அது இன்னதென்றே விளங்காவிடினும், அடைமொழி அடுக்கி நான்கு பக்கம் வெள்ளமெனப் பெருக்கினேன். தமிழாசிரியனிடமா வாலாட்டுவது!

போர் முடிய அரைமணி இருந்தது. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்ப்போமே என்று முதற்பக்கம் புரட்டினேன். இருபத்தாறு ஆண்டாக விடைத்தாளைக் கண்டால் என் கை வேறொன்றும் அறியாது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானே வந்தது. சரிக்குச் சரி போட்டேன், எழுத்துப்பிழையைச் சுழித்தேன், சராசரியின் அருகே 'வழிமுறை எங்கே?' என்று அதட்டினேன், கெழுவின் நான்கு பக்கத்தையும் குறுக்கே கோடிட்டு 'வெறும் வளவளப்பு' என்றெழுதி, கூட்டுத்தொகையை முகப்பில் வட்டமிட்டுக் கையொப்பமும் இட்டு, அடுத்த தாளுக்குக் கைநீட்டியபோதுதான் என் முன்னே நிழல் விழுந்தது.

"சார், செவப்பு மை பட்டா பேப்பர் செல்லாதுங்களே. என்னா சார் இப்பிடிப் பண்ணிக்கினு..." என்றாள் இசைப்பிரியா. பழக்கதோஷம் அம்மா, கை தானாகப் போய்விட்டது, வேறு தாள் கொடு, தலைமைக் கண்காணிப்பாளர் காலில் நான் விழுகிறேன் என்று மன்றாடினேன். அவள் மனமிரங்கி, பேசிப் பார்க்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தாள், முகப்பைப் பார்த்து நின்றாள், திரும்பி வந்தாள்.

"வேணாம் சார், வுட்டுடுங்க" என்றாள், மெதுவாக.

எனக்கு நான் நாற்பத்தாறுதான் போட்டிருந்தேன்.