பின் ஆசனத்தில் ஒரு பஸ் சாரதி

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்களைவிட ஒழுங்காக வாகனம் ஓட்டுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்று நினைப்பார்கள். ஒஸ்லோவில் பல வருடங்களாக பஸ் ஓட்டும் எனக்கு அது முற்றிப்போய் இருந்தது. வேறு யாராவது ஓட்டும் காரில் ஏறினால் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். என் மனைவி சுபா லைசென்ஸ் எடுத்த புதிதில், பக்கத்தில் இருந்து நான் சொன்ன புத்திமதிகளைத் தாங்க முடியாமல், காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். (மழை இல்லாதது என் அதிர்ஷ்டம்.) அதற்குப் பிறகு ட்வெய்ட்டாவில் இருக்கும் தன் வேலைக்கு மட்டும் தனியாக ஓட்டிப் போவாள். நான் காரில் இருந்தால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள்.

இந்த வியாதி ஒரு பெப்ரவரி பின்னேரம் சுகமானது. வைத்தியம் பார்த்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. ஜூடித் என்று மட்டும் சொல்கிறேன்.

நோர்வேக்கு வந்த புதிதில் நான் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கோடையில் அங்கே சூரியன் மறையாது. வேலை முடிந்து வந்து படுத்தால் நித்திரையும் வராது. அப்படி ஒரு ஜூன் மாதம், விடுதித் தொலைக்காட்சியில் ஒரு கார்ப் பந்தயம் போய்க்கொண்டிருந்தது. பிரான்சில் நடப்பது, முழுதாக இருபத்துநான்கு மணி நேரம். ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். அங்கே கும்மிருட்டு, கொட்டும் மழை. என் ஜன்னலிலோ வெயில். ஒரு வெள்ளைக் காரின் கியர் பழுதாகி ஒரே கியரில் சிக்கிக்கொண்டது. அதை அப்படியே உருட்டி உருட்டித் தன் முறை முடியும்வரை ஓட்டிய சாரதி, இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். பெண். ஜூடித். முன்னால் ஓடியவர்களைக்கூட விட்டுவிட்டு கமரா அவர் முகத்தில் நின்றது. அந்த முகத்தில் அலட்டல் இல்லை, அழுகை இல்லை. கவனம் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. எனக்கு ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

அன்றிலிருந்து அவருடைய ஓட்டங்களை நான் விடவில்லை. தகப்பன் புல்வெட்டும் மெஷின் திருத்துகிறவர். ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களில் ஓடுவதற்கு வேண்டிய வசதி வீட்டில் இல்லை. ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் வந்தார். அங்கே காருக்குச் சொந்தக்காரரான பணக்காரர்கள் வெயில் நேரத்தில் ஓட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். இருட்டும் மழையும் ஜூடித்துக்கு. முன்னணியில் போகும்போது எத்தனையோ தடவை அவர் கையில் கொடுக்கப்பட்ட கார்கள் புகைந்து நின்றன. அணிகள் கலைந்தன. அவர் மட்டும் அடுத்த வருடமும் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். கடைசியில் ஒரு வருடம் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். அன்று நான் பாற்சோறு காய்ச்சச் சொன்னேன். (யாருக்குப் பிறந்தநாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார்.)

ஒஸ்லோவில் ஒரு சின்ன மோட்டார் சங்கத்தில் நான் உறுப்பினன், ஒரே தமிழன். ஓய்வுபெற்ற ஜூடித்தை அவர்கள் ஒரு மாலை பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், விமான நிலையத்திலிருந்து கூட்டிவர ஆள் தேவை என்றும் தலைவர் சொன்னபோது நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

எங்களுடையது பழைய மின்சாரக் கார். குளிர் என்றால் பற்றரி சீக்கிரம் இறங்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஜூடித் ஏறியதும் ஹீற்றரை உச்சத்தில் வைத்தேன். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு, கையில் சின்னப் பை. இருளிலும் மழையிலும் ஓடி முடித்த அந்த மனிதர் என் காரில், என் பக்கத்தில்.  பதற்றத்தை மறைக்க வேகத்தைக் கூட்டினேன். E6 நெடுஞ்சாலையில் ஒவ்வொரு வாகனமாக முந்தி என் திறமையைக் காட்டினேன். கூடவே அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவருக்கே சொன்னேன். இரண்டு இடத்தில் அவரைத் திருத்தவும் செய்தேன்.

“அப்படியா? நான் மறந்துவிட்டேன்,” என்றார். பிறகு, “கார் நல்ல சூடாக இருக்கிறது,” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பேச்சு நடக்கவிருந்த மண்டபம் வழியிலேயே வந்தது. நேரம் நிறைய இருந்தது. அங்கேயே இறக்கிவிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் வந்த மனிதரை ஒரு தேத்தண்ணி குடுக்காமல் மண்டபத்தில் தள்ளிவிட்டுப் போகிற ஆட்களா நாங்கள்? மண்டபத்தைத் தாண்டி, ஒஸ்லோவின் மறு அந்தத்தில் இருக்கும் பியோர்ண்டாலுக்கு, எங்கள் வீட்டுக்கே கொண்டுபோனேன். வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. சொந்தக்காரர் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள்.

காரை கராஜில் விட்டுச் சார்ஜில் போட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் காரோடு படம் எடுக்க வேண்டும் என்று வாசலில் நிறுத்தினேன். அவர் திரும்பி வரும்போது குளிரக் கூடாது என்று ஹீற்றரையும் ஓடவிட்டேன்.

உள்ளே ரோல்ஸ், வடை, கேக். சுபாவின் மாமா கதிரையை இழுத்து ஜூடித்துக்கு முன்னால் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, அந்தப் பந்தயக் கார் எவ்வளவு எண்ணெய் குடிக்குமெண்டு கேளும்.”

நான் வெட்கத்தோடு மொழிபெயர்த்தேன். ஜூடித் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் தொழில் முழுக்க அந்த ஒரு கேள்விதான். வேகமாக ஓட எல்லோராலும் முடியும். மிச்சம் பிடித்து ஓடுகிறவர்தான் கடைசி மணித்தியாலத்தில் பாதையில் இருப்பார்.”

“கெட்டிக்காரி,” என்றார் மாமா. நான் சிரித்துவிட்டு வடைத் தட்டை நீட்டினேன். ஜூடித் சொன்னது என் காதில் ஏறவில்லை.

புறப்பட்டபோது சங்கத்து ஆட்களுக்கென்று ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸோடு சுபாவும் பின் ஆசனத்தில் ஏறினாள். நான் காரில் அமர்ந்து பார்த்தேன். பற்றரியில் நூற்றுக்குப் பதினொரு வீதம்தான் மிச்சம். மண்டபத்தில் கூட்டம் ஆரம்பிக்க ஒரு மணித்தியாலம்கூட இல்லை. சார்ஜ் போடும் இடத்துக்கு ஓடினால் அங்கே கார்கள் வரிசையில் நின்றன. காத்திருந்தால் ஜூடித் இல்லாமலே கூட்டம் ஆரம்பித்துவிடும். பாதையில் நின்றுபோனால் பல வருடங்கள் நான் தெய்வமாக வைத்திருந்தவர் பனியில் நடப்பார். எனக்கு வியர்த்தது.

“E6இல் ஏறினால் பறந்துவிடலாம்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடித்து மிதித்தேன். ஒரு ஏற்றம் ஏறி முடிக்கவில்லை, ஒன்பது வீதம்.

“நிறுத்துங்கள்,” என்றார் ஜூடித். மெல்லத்தான் சொன்னார். பஸ்ஸில் மணி அடித்ததுபோல உடனே நிறுத்தினேன்.

“நீங்களே ஓட்டுங்கோ,” என்று சாவியை நீட்டினேன்.

“இந்தக் கார் எனக்குத் தெரியாது. இதை ஓட்டிப் பழகியவர் வேறு யார்?”

“இவ சும்மா வேலைக்கு மட்டும்...” என்று இழுத்தேன்.

ஜூடித் பின்னால் திரும்பி சுபாவிடம் கேட்டார்: “வேலைக்குப் போய்வர எவ்வளவு போகும்?”

“குளிரெண்டால் பத்து வீதம்,” என்றாள் சுபா. பிறகு தமிழில் எனக்கு: “உங்களுக்கு அதே தூரத்துக்கு இருபது போகும். நான் சொல்லேல்லை.”

மண்டபம் தன் வேலையிடம் இருக்கும் ட்வெய்ட்டாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் என்று ஜூடித்திடமும் சொன்னாள். போக மட்டும் என்றால் பத்தில் பாதியும் கொஞ்சமும் போதும். ஜூடித் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். “சாரதி மாற்றம்,” என்றார்.

நான் இறங்கி, பனியில் சுற்றிப் போய், பின் கதவைத் திறந்து ஏறினேன். சுபா ரோல்ஸ் தட்டை என் மடியில் வைத்தாள். “ஆடாமல் பிடியுங்கோ,” என்றாள்.

ஹீற்றர் நின்றது. எல்லோரும் ஜக்கெட்டை இழுத்து மூடினோம். நெடுஞ்சாலையை விட்டு, சுபா தினமும் வேலைக்குப் போகும் உள்வீதியால் போனோம். ஜூடித் தாழ்ந்த குரலில் அவளோடு கதைத்துக்கொண்டே வந்தார். “தூரத்தில் பார். சிவப்பு விளக்குத் தெரிந்தவுடனேயே காலை எடு. நீ பிடிக்கும் ஒவ்வொரு பிரேக்கும் வீணாய்ப் போன மின்சாரம்.” விளக்குப் பச்சையாக மாறும் நேரத்துக்கு கார் மிதந்து போய்ச் சேர்ந்தது. நிற்கவே இல்லை.

“பிரேக், பிரேக்,” என்றது என் வாய்.

ஜூடித் திரும்பாமலே சொன்னார்: “என் அணியில் காரை விட்டு இறங்கியவர் ஓட்டுகிறவரோடு ரேடியோவில் பேசமாட்டார்.”

ட்வெய்ட்டாச் சந்தியில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டியவன் என்னோடு வேலை செய்கிறவன். மேலிருந்து குனிந்து பார்த்தான். மனைவி ஓட்ட, முன்னால் ஒரு வெள்ளைக்காரி, பின்னால் மடியில் பலகாரத் தட்டோடு நான். அவன் கையை அசைத்தான். எனக்குக் கை ஒழியவில்லை; ஒரு ரோல்ஸைத் தூக்கிக் காட்டினேன்.

கொஞ்சத் தூரத்தில் மீற்றரில் ஓர் ஆமைப் படம் எரிந்தது. பற்றரி முடியப் போகிறது, இனி மெதுவாகத்தான் போகும் என்று அர்த்தம்.

“இத்தனை வருடத்தில் எந்தக் காரும் எனக்கு மிருகம் காட்டியதில்லை,” என்றார் ஜூடித். “சுபா, என்ன சொல்கிறாய்?”

“பரவாயில்லை அக்கா. போகும்,” என்றாள் சுபா. (அவளுடைய ஆங்கிலத்தில் அக்கா எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஜூடித் அதற்குத் தலையாட்டினார்.)

கடைசியாக ஒரு ஏற்றம். கார் நடைவேகத்தில் ஏறியது. “கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்,” என்று ஜூடித் சொல்லச் சொல்ல சுபாவின் கால் அசைந்தது. நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். பாட்ஸ்பியோர்டில் வெயில் அடித்த அந்த இரவில் தொலைக்காட்சியில் பார்த்த அதே முகம். அதே கவனம். இத்தனை வருடம் என் வீட்டில் இருந்திருக்கிறது; நான்தான் பக்கத்தில் இருந்து கத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். மூச்சு விடவும் எனக்குப் பயமாக இருந்தது.

மண்டபத்து வாசலில் கார் நின்றபோது ஒரு வீதம் மிச்சம். கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஜூடித் சுபாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையையும் குலுக்க வந்தார். அதில் தட்டு இருந்ததால் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

பேச்சின் முடிவில் ஒருவர் எழுந்து, உங்களோடு கார் பகிர்ந்தவர்களில் சிறந்தவர் யார் என்று கேட்டார். ஜூடித் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “மூன்றாவது வரிசையில் இருக்கிறார்,” என்று சுபாவை எழும்பி நிற்கச் சொன்னார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன், கை நோகும்வரை. சங்கத் தலைவர் என் பக்கம் குனிந்து, “அப்போது நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார்.

“ரோல்ஸைப் பிடித்தேன்,” என்றேன்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போனபோது பஸ் டிப்போ மேசையில், சந்தியில் கையசைத்தவன் எனக்கென்று ஒரு வெறும் தட்டை வைத்திருந்தான். வீட்டில் இப்போது கார் ஓட்டுவது சுபாதான். நான் பேச வாயெடுத்தால், “ஜூடித் அக்காவுக்குப் போன் எடுக்கட்டோ?” என்பாள்.

போன கிழமை மகள் கார் பழகப் புறப்பட்டாள். நோர்வேயில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் பழகலாம். நான் சாவியோடு முன் கதவடியில் போய் நின்றேன். மகள் சாவியை வாங்கிக்கொண்டு, தனக்குப் பக்கத்து ஆசனத்தில் தாயை ஏற்றினாள். பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

“ஏறுங்கோ அப்பா,” என்றாள். உள்ளே ஆசனத்தில் தட்டு தயாராக இருந்தது.