யோகராணி கேட்கிறாரா?

ஜனநாயகம் ஏதென்ஸில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். பிறந்திருக்கட்டும். அது வளர்ந்து, பல் முளைத்து, மீசை வைத்து, கூட்டக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், ஒரு டயர் கடையை ஒட்டிய இரண்டு மாடிக் கட்டடத்தில்தான். அந்தக் கட்டடத்துக்கு 'மொன்றியல் தமிழர் பெருமன்றம்' என்று பெயர். அதன் தலைவர் தேர்தலைப் பற்றி எந்த வரலாற்றாசிரியரும் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. ஆகவே, ஆற்றுக்கு மறுகரையிலுள்ள புரோசார்ட் வாசியும், ஓய்வுபெற்ற பாலப் பொறியாளரும், பெருமன்றத்தின் இணைச்செயலாளரும், அதற்குள்ளேயே இயங்கும் 'முற்போக்கு ஆதரவாளர் வட்டத்தின்' அமைப்பாளருமாகிய பாலசந்திரன் என்னும் நான் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதாயிற்று.

பெருமன்றத்துக்குப் பதினான்கு வருஷமாகத் தலைவர் விமலநாதன். தங்கமான மனிதர். பதினான்கு வருஷத்தில் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. எதையுமே செய்யாததால் அது அவருக்குச் சுலபமாகவே இருந்தது. அவருக்கு எதிராக நிற்கத் தகுதியுள்ள ஒரே ஆள் யோகராணி. அந்த வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர். முற்போக்குவாதி. பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வாங்கிக் கொடுத்தவர். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் வேலை செய்யாத வீடுகளின் சொந்தக்காரர்களோடு பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை பிடித்தவர். அவர் தலைவரானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எங்கள் வட்டம் வாராவாரம் கூடி ஏங்கிக்கொண்டிருந்தது. ஏங்குவதற்குத் தனியாக ஒரு உபகுழுவும் இருந்தது.

பொங்கல் விழாவன்று அந்த ஏக்கத்துக்கு விடை கிடைத்தது. யோகராணி எழுந்து மைக்கைப் பிடித்தார். பெருமன்றத்து மைக்குக்கு என்று ஒரு கொள்கை உண்டு. பத்துச் சொல் உள்ளே போனால் ஒன்றைத்தான் வெளியே விடும். அன்று அது 'கொர்ர்' என்றது. 'பிள்ளையளுக்காக' என்றது. மறுபடியும் 'கொர்ர்' என்றது. பிறகு, மணி அடித்த மாதிரித் தெளிவாக, "நான் கேக்கிறன்" என்றது.

மண்டபத்தில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. ஒலியமைப்புப் பொறுப்பாளர் அன்டன் என் காதருகே குனிந்தான்.

"ஐயா, அக்கா கேக்கிறா."

சென்னையிலிருந்து வந்தவனான எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே பல வருஷம் ஆயிற்று. வாசகர்களைக் காக்க வைக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தார் பேச்சில் தேர்தலில் போட்டியிடுவதைக் 'கேட்பது' என்பார்கள். எங்கள் ஊரில் வேட்பாளர் நிற்பார். அவர்கள் ஊரில் கேட்பார். ஜெயித்த பிறகு உட்கார்ந்துவிடுவது இரண்டு ஊருக்கும் பொது.

விழா முடிந்ததும் யோகராணி என்னிடம் வந்தார். கூடவே பிரியந்தி என்ற இளம்பெண், இடுப்பில் தன் இரண்டு வயது மகளோடு. யோகராணி ஒரு தாளை நீட்டினார்.

"ஐயா, மைக்கிலை ஒண்டும் விளங்கியிராது. எல்லாம் இதிலை எழுதியிருக்கு. செயற்குழுவிலை வைச்சு, தலைவரிட்டைக் கையெழுத்து வாங்கித் தாங்கோ. மே முப்பத்தோராம் திகதி கடைசி நாள்."

ஒரு பக்கக் கடிதம். பெருமன்றத்தின் கீழ் மண்டபம் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டிக் கிடக்கிறது. அதில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு கார்டெரி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்தலாம். அனுமதி கிடைப்பதற்கு மற்றதெல்லாம் தயார், கட்டடத்துக்குச் சொந்தக்காரரான பெருமன்றத்தின் சம்மதம் மட்டும் பாக்கி. கடைசியில் தலைவர் கையெழுத்துக்கு ஒரு கோடு. இடம் கேட்ட தாய்மாரின் பட்டியலில் முதல் பெயர் பிரியந்தி. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. பிரசவ விடுமுறையை நீட்டி நீட்டி இனி நீட்ட முடியாத நிலை. செப்டம்பரில் திரும்பாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யோகராணி தேர்தலில் கேட்கப் போவதற்கு அதில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றுதான் படித்தேன். நேரடியாக எதுவும் இல்லை. இல்லாததே ஆதாரம் என்று அன்டன் சொன்னான்.

அதன் பிறகு நடந்த ஆராய்ச்சிகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பிப்ரவரியில் யோகராணி புதுக் குளிர்க்கோட்டு வாங்கினார். சிவப்பு. அது முற்போக்கு நிறம் என்று ஒரு சாரார் சொல்ல, தள்ளுபடியில் மிஞ்சியது அந்த நிறம்தான் என்று இன்னொரு சாரார் வாதிட்டார்கள். மார்ச்சில் மூலைக்கடை வாசலில் விமலநாதனைப் பார்த்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எத்தனை நொடி நீடித்தது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்து, அன்டன் தலைமையில் 'சிரிப்பு ஆய்வு உபகுழு' அமைக்கப்பட்டது. அந்த உபகுழு இரண்டு தடவை கூடியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மக்கள் கருத்தையும் நானே திரட்டினேன். மண்டபத்தில் அன்று வேறு தாள் கிடைக்காததால், கையிலிருந்த கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். 'கேட்பார்: 61. கேட்கமாட்டார்: 38. சாப்பாடு எத்தனை மணிக்கு: 12.' இவ்வளவு துல்லியமான கணிப்பைத் தலைநகரில்கூட எடுத்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் கடிதம் செயற்குழுவுக்கு வந்தது. யோகராணியும் வந்தார். பிரியந்தியும் வந்தாள், மகளை விட இடமில்லாததால் மகளோடு. குழந்தை மேசைக்கடியில் உட்கார்ந்து விமலநாதனின் ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அன்றைய கூட்டத்தில் ஒரு வேலையைத் தொடங்கி முடித்தது அந்தக் குழந்தை மட்டுமே.

"தலைவர், நான் ஒண்டுதான் கேக்கிறன்" என்றார் யோகராணி.

விமலநாதன் முகம் வெளிறிப் போயிற்று. "அப்ப கேக்கிறியள்."

"ஓம். கீழ் மண்டபத்தை."

"தலைவர் பதவியை?"

"அதை ஆர் கேட்டது?"

"அதைத்தான் நாங்களும் அறிய விரும்புறம்."

யோகராணி மூச்சை இழுத்து விட்டார். "அண்ணை, பதவியை விடுங்கோ. இந்தக் கோட்டிலை ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

விமலநாதன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பதினான்கு வருஷ அனுபவம் அவர் கையைத் தடுத்தது. மூடியைத் திரும்பப் போட்டார்.

"இஞ்சை பாருங்கோ பிள்ளை. நான் இப்பக் கையெழுத்து வைச்சா, யோகராணி செய்விச்சவ எண்டு சனம் உங்களுக்கு வோட்டுப் போடும். வைக்காட்டி, விமலநாதன் செய்யேல்லை எண்டு சனம் உங்களுக்குப் போடும். நீங்கள் கேக்கிறியளோ இல்லையோ எண்டு தெரிஞ்சாத்தானே நான் இதை நீதியாய் யோசிக்கலாம்."

பிரியந்தி மேசையருகே வந்தாள். "அண்ணை, செப்டெம்பர் முதலாம் திகதி நான் வேலைக்குப் போகவேணும். இவளை விட இடமில்லை. இருபத்திமூண்டு கார்டெரியிலை பேர் குடுத்திட்டு இருக்கிறன்."

"பொறுங்கோ தங்கச்சி" என்றார் விமலநாதன், மிகவும் கனிவாக. "அக்கா கேக்கிறாவோ எண்டு முதல் தெரியட்டும்."

குறிப்பேட்டில் நான் எழுதினேன்: 'கீழ் மண்டப விவகாரம், தலைவர் தேர்தல் குறித்த தெளிவு ஏற்படும்வரை ஒத்திவைக்கப்பட்டது.' விமலநாதனின் சூழ்ச்சியைக் கண்டு என் ரத்தம் கொதித்தது. ஆனாலும் எழுதி முடித்தேன். ஒத்திவைப்பில் எங்கள் தரப்புக்கும் ஒரு நன்மை இருந்ததை அந்த நொடியிலேயே நான் கண்டுகொண்டேன்.

அதை அன்று மாலை வீட்டில் என் மனைவி அனுசூயாவுக்கு விளக்கினேன். அவள் இட்லி மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"அனு, உனக்கு அரசியல் தெரியாது. இப்பவே கையெழுத்தாயிடுச்சுன்னா மேடம் எதைச் சொல்லி ஓட்டு கேப்பாங்க? கார்டெரிதான் நம்ம தேர்தல் அறிக்கையில முதல் வாக்குறுதி. டிஷர்ட்ல போடறதுக்கு ஆர்டர்கூடக் கொடுத்தாச்சு."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்னு சொன்னீங்களே."

"எந்தப் பொண்ணு?"

அனுசூயா கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை ஆராய என்னிடம் உபகுழு இல்லை. நான் டிஷர்ட் அளவுகளைச் சரிபார்க்கப் போனேன்.

மே மாதம் முழுக்க யோகராணி எனக்குப் போன் செய்தார். "ஐயா, கையெழுத்து?" என்பார். "மேடம், நீங்க முதல்ல அறிவிச்சிடுங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்பேன். "நான் எதை அறிவிக்கிறது?" என்பார். எவ்வளவு சாமர்த்தியமாகப் பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று வியந்து, அதையும் வட்டத்துக்குத் தெரிவிப்பேன். விமலநாதனிடம் ஒரே ஒரு தடவை அந்தத் தாளை நேராக நீட்டி, "சார், இதுல போடுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலம்தான். முப்பது வருஷம் பாலங்களைச் சரிபார்த்தவன் நான். அந்த ஒரு மாதத்தில் நான் அதைத் தாண்டவில்லை.

ஜூன் முதல் ஞாயிறு பொதுக்கூட்டம். மண்டபத்தில் நிற்க இடமில்லை. சரித்திரம் நிகழப்போகிறது என்பதால் அன்டன் புது மைக் வாங்கி வந்திருந்தான். மூச்சு விட்டால்கூட கடைசி வரிசைக்குக் கேட்டது. விமலநாதன் எழுந்தார்.

"எல்லாரும் அஞ்சு மாசமாய்க் காத்துக்கொண்டிருக்கினம், யோகராணி. கேக்கிறியளோ, இல்லையோ? இப்பச் சொல்லிப் போடுங்கோ."

யோகராணி மைக்கை வாங்கினார். குரல் உயரவில்லை.

"கேட்டனான். தைப்பொங்கலுக்குக் கேட்டனான். இந்த மேசையிலை வந்து கேட்டனான். போனிலை கேட்டனான். தவணை நேற்றோடை முடிஞ்சுது. இனிக் கேக்கேல்லை."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். ஒரு பக்கம் கைதட்டல். இன்னொரு பக்கம் எங்கள் வட்டம் கண்ணைத் துடைத்தது. விமலநாதன் போட்டியின்றித் தெரிவானார்; பதினைந்தாவது வருஷத்துக்கு மாலை வந்தது. அன்டன் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "ஐயா, 'இனிக் கேக்கேல்லை' எண்டா இந்தமுறைதான். அடுத்தமுறை கேக்கமாட்டன் எண்டு அவ சொல்லேல்லை, கவனிச்சியளோ" என்றான். கவனித்தேன். குறித்தும் கொண்டேன்.

யோகராணி நேராக என்னிடம் வந்தார். பின்னால் பிரியந்தி.

"ஐயா, அந்தக் கடுதாசியைத் தாங்கோ."

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம்தான் மேலே இருந்தது. கணிப்புக்குப் பிறகு கோப்பில் அது அப்படித்தான் இருந்தது. அவர் என் கணிப்பை முழுக்கப் படித்தார். பிறகு தாளைத் திருப்பினார். கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.

"நூத்திப் பதினொரு பேர்" என்றார். "இதிலை ஒராள் மற்றப் பக்கத்தைப் பாத்திருந்தாப் போதும்."

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிரியந்தியின் மகள் அந்தத் தாளுக்குக் கை நீட்டினாள், யோகராணி கொடுத்துவிட்டார். இனி யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நல்லவேளையாக யாரோ டிஷர்ட்டுகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். நான் பொறுப்புக்குத் திரும்பினேன்.

தோல்வியால் துவளுபவனல்ல முற்போக்காளன். செப்டம்பரில் எங்கள் வட்டம் ஒரு கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்தது. தலைப்பு: 'உழைக்கும் தமிழ்ப் பெண்கள்: சவால்களும் சாதனைகளும்.' செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, கீழ் மண்டபம். வார நாட்களில் அது காலியாகத்தானே இருக்கிறது என்று விமலநாதன் உடனே சாவியைக் கொடுத்துவிட்டார். சவால்களைப் பற்றிப் பேசச் சரியான ஆள் பிரியந்திதான் என்று எனக்குப் பட்டது. போன் செய்தேன்.

"வர விருப்பம்தான் ஐயா. இவளை எங்கை விடுறது? உங்கடை அழைப்பிதழிலை பிள்ளையளைக் கொண்டுவர வேண்டாம் எண்டு போட்டிருக்கு."

போட்டிருந்தது. அரங்கின் அமைதி கருதி நான்தான் போட்டேன்.

"வேலை எப்படிம்மா போகுது?"

"அது ஆவணியோடை போயிட்டுது ஐயா" என்றாள். பின்னால் குழந்தை எதையோ தட்டும் சத்தம். "சரி, வைக்கிறன்."

கருத்தரங்கு சிறப்பாக நடந்தது. நாற்பது பேர் வந்தார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் ஓய்வுபெற்ற ஆண்கள். இடைவேளைத் தேநீரின்போது அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒன்றையே விசாரித்தார்கள். அடுத்த வருஷம் யோகராணி கேட்பாரா?

வரலாற்றாசிரியன் என்ற முறையில் பதிலை இங்கே பதிவு செய்கிறேன். அவர் கேட்டார். மைக் வேலை செய்யாதபோதும் கேட்டார், வேலை செய்தபோதும் கேட்டார். கேட்காதவர்கள் நாங்கள். அந்தப் பட்டியலின் முதல் பெயர்: பாலசந்திரன், இணைச்செயலாளர்.