வங்காலைக் கடல் குளிர்ந்த கதை

உலக அறிவியலில் என் பெயர் அழியாமல் இருக்கிறது. அழிக்கவேண்டும் என்று நானே மன்றாடிக் கேட்டும் சஞ்சிகைக்காரர் அழிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். என் ஆய்வுக் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே பெரிய சிவப்பு எழுத்தில் "மீளப்பெறப்பட்டது" என்று போட்டு, அடியில் என் பெயரையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். பிழை விடாத ஆராய்ச்சியாளர் எவரும் இல்லை. ஆனால் ஒரு கடலையே பிழையாக விட்டவர்கள் குறைவு.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவி விரிவுரையாளர். போர் முடிந்து மன்னார் வீதிகளைத் திருத்திக்கொண்டிருந்த காலம். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை வரவேண்டும். மன்னார் உப்புக்குளத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலை விட்டால் வேறு என்ன தெரியும்? (கடலும் தெரியாது என்பது பிறகு நிரூபணமானது.) பக்கத்து ஊரான வங்காலைக் கரையில் கடல்நீரின் வெப்பநிலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதாகத் திட்டம் எழுதினேன். துறைத் தலைவர் தன் பெயரை முதலில் போட்டு அனுமதித்தார்.

கட்டைவிரல் அளவில் ஒரு கருவி. மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தானே பதிந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலில் ஒரு இரும்புக் கம்பை நட்டு, அதில் கருவியைக் கட்டிவிட்டு வந்தேன். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சூசை மாமாவிடம் கொடுத்தேன். அம்மாவின் தம்பி. வங்காலையில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டவர். சொந்தமாகப் படகும், பிடித்த மீனை முருங்கனுக்குக் கொண்டுபோய் விற்க மோட்டார் சைக்கிளும், அதன் பின்னால் கட்ட ஒரு பெரிய ஐஸ் பெட்டியும் வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் கருவி என்பதால், "கம்பசின்ரை சாமான், கவனம் மாமா" என்று நூறு தரம் சொன்னேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை.

மாரி தொடங்குமுன் போனபோது, மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், ஈரம் சொட்டச் சொட்டக் கருவியைக் கழற்றிக் கையில் தந்தார். அறைக்கு வந்து கணினியில் கொழுவிப் பார்த்தேன். வங்காலைக் கடல் குளிர்ந்திருந்தது. முதல் சில நாள் போக, ஒவ்வொரு நாளும் காலையில் சில பாகை சட்டென்று இறங்கி, பின்னேரம் மெதுவாக ஏறியிருந்தது. அதைவிட விசேஷம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் குளிரவே இல்லை. ஏழாவது நாள் கடல் ஓய்வெடுத்தது.

துறைத் தலைவர் கதிரையை விட்டு எழும்பி நின்று பார்த்தார். ஆழ்கடலில் இருந்து குளிர்நீர் வந்து கரையில் மோதுகிறது என்றார். ஏழு நாளுக்கு ஒருமுறை ஏன் நிற்கிறது என்று கேட்டேன். அதற்கு அவர் "வாராந்த உள்ளக அலைவு" என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் வைத்தவுடன் விளக்கம் கிடைத்துவிட்ட மாதிரி இருவருக்கும் ஒரு திருப்தி. அந்த ஏழாவது நாள் என்ன கிழமை என்று இருவரும் பார்க்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், மற்ற நாளெல்லாம் சனம் கடலுக்குப் போவதையும் ஞாயிறு வலைகள் கரையில் கிடப்பதையும் பார்த்து வளர்ந்த நானும் பார்க்கவில்லை. பட்டம் மனிதரை என்னவெல்லாம் செய்கிறது.

சஞ்சிகை சில வாரங்களில் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர்கள் இருவர். ஒருவர் காற்புள்ளிகளைத் திருத்தினார். மற்றவர் ஏழு நாள் அலைவு மிகத் துணிச்சலான கண்டுபிடிப்பு என்று பாராட்டி, தன்னுடைய கட்டுரைகள் நாலைந்தை மேற்கோள் காட்டச் சொன்னார். காட்டினோம். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா முதல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, விறாந்தையில் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். (மாதாவின் படத்தை விட ஒரு சாண் பெரிது. அம்மா அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதாகக் கேள்வி.) வங்காலைப் பங்குச் சாமியார் பூசை முடிவில் ஒலிவாங்கியில் என் பெயரை வாசித்தார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்டுரையை எங்கோ ஒரு நிறுவனம் வாசித்துவிட்டது. இவ்வளவு குளிர்நீர் வரும் கரையில் விலை உயர்ந்த கடற்பாசி வளர்க்கலாம், கரைவலை இழுக்கும் இடத்தைச் சனம் விட்டுக்கொடுத்தால் போதும் என்று திட்டத்தோடு வந்து இறங்கினார்கள். கடற்பாசிச் சங்கத்துக்குத் தலைவராகச் சூசை மாமாவே தெரிவானார்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. மேடையில் நிறுவனத்தின் அதிகாரிகள் இருவர், சாமியார், சேலை கட்டின நான். மாமா வெள்ளை வேட்டியோடு எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். என் கெட்டித்தனத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத் தன் பங்கைச் சொல்லத் தொடங்கினார்.

"மருமகள் கெட்டிக்காரிதான். ஆனா நான் இல்லாட்டி இண்டைக்கு இந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சோளகக் காத்துத் தொடங்கின கையோடை கம்பு சாய்ஞ்சு போச்சு. கம்பசின்ரை சாமான் கடலோடை போனா என்ரை மருமகளுக்கு வேலை போயிடும் எண்டு, நான் பாய்ஞ்சு கருவியை எடுத்தனான். வீட்டிலை வைச்சாப் பிள்ளையள் விளையாடி உடைச்சுப் போடுங்கள். அதாலை பால்மா டின்னுக்குள்ளை போட்டு, துவாயாலை சுத்தி, என்ரை ஐஸ் பெட்டியிலைதான் காவல் வைச்சிருந்தனான். மருமகள் வாறதுக்கு முதல் நாள்தான் கம்பை நிமித்தித் திருப்பிக் கட்டினனான்."

சனம் கைதட்டியது. சாமியார் கைதட்டினார். தமிழ் தெரியாத அதிகாரிகளும் எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டினார்கள். கடைசியில் நானும் தட்டினேன். கை தன்பாட்டில் தட்டியது. தலைக்குள் மட்டும் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் மாமா ஐஸ் நிரப்புகிறார், கடல் குளிர்கிறது. பின்னேரம் ஐஸ் கரைகிறது, கடல் சூடாகிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா தொழிலுக்குப் போவதில்லை. வாராந்த உள்ளக அலைவு கோயிலுக்குப் போயிருக்கிறது.

துவாயால் சுற்றாமல் வைத்திருந்தால்கூட நான் தப்பியிருப்பேன். கடல் உறைந்துவிட்டது என்று வந்திருக்கும், எனக்கே சந்தேகம் பிடித்திருக்கும். மாமாவின் அக்கறை குளிரைப் பதமாக வடிகட்டி அனுப்பியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் மாமாவை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கருவி பழுதாகேல்லைத்தானே பிள்ளை?"

"இல்லை மாமா. கருவி நல்லா வேலை செய்திருக்கு. அது உங்கடை பெட்டியைத்தான் அளந்திருக்கு."

மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. சங்கத் தலைவர் பதவி போகப்போகிறது என்று எனக்கு விளங்கியது. என் வேலையும் போகலாம். பேசாமல் இருந்துவிடலாமா என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு மீளப்பெறவேண்டிய கூற்று. ஆனால் கரைவலைக்காரர் இடத்தை விட்டுக்கொடுத்து, கடற்பாசி சூட்டில் அழுகிப்போனால் அந்தக் குடும்பங்கள் என்ன செய்யும்? அன்று பின்னேரமே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், என் பெயரை வாசித்த அதே ஒலிவாங்கியில் சாமியார் விஷயத்தை அறிவித்தார். கண்டுபிடிப்பு பிழை, கருவி ஐஸ் பெட்டியில் இருந்தது, ஒருவரும் கரைவலை இடத்தை விடவேண்டாம். சனம் கொஞ்சம் சிரித்தது, பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது. நிறுவனம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு கரை தேடிப் போனது. வங்காலையில் ஆராய்ச்சி மீளப்பெறப்பட்டு முடிந்தது.

சஞ்சிகையில் அப்போதுதான் தொடங்கியது.

முதலில் அவர்களுடைய இணையத்தளத்தில் கட்டுரையைத் திருப்பிக் கேட்க வழியே இருக்கவில்லை. புதிய கட்டுரை அனுப்ப மட்டும்தான் வழி இருந்தது. வேறு வழியில்லாமல், நடந்ததை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அதில் அனுப்பினேன். அது புதுக் கட்டுரையாகவே மதிப்பீட்டுக்குப் போய்விட்டது. சில மாதம் கழித்து நிராகரித்துப் பதில் வந்தது. கருவி ஐஸ் பெட்டியில் இருந்தது என்ற கூற்று சுவாரசியமானது, ஆனால் ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆய்வுக்கு முரணாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். அந்த நம்பகமான ஆய்வு என்னுடையது. அதைக் கவனமாக வாசிக்கும்படி எனக்கு அறிவுரையும் தந்திருந்தார்.

சஞ்சிகை ஆசிரியருக்கு நேரே எழுதினேன். கட்டுரையை மீளப்பெற அதை எழுதிய எல்லாரும் சம்மதிக்கவேண்டும் என்றார். துறைத் தலைவரிடம் போனேன். அவர் கட்டுரையை எடுத்துப் புரட்டினார்.

"முழுக்க எடுக்கத் தேவையில்லை. ஒரு சின்னத் திருத்தம் போடலாம். 'கடல்' எண்டு வாற இடத்திலையெல்லாம் 'பெட்டி' எண்டு வாசிக்கவும்."

"சேர், அப்ப ஏழு நாள் அலைவு?"

"அது அப்பிடியே இருக்கட்டும். பெட்டியிலையும் அலைவு இருக்குத்தானே."

அவரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு சோளகமும் ஒரு மாரியும் போயின. அதற்கிடையில் சஞ்சிகை கட்டுரைக்கு மேலே "கவலை தெரிவிக்கிறோம்" என்று ஒரு வரி போட்டது. யாருக்குக் கவலை, எதைப் பற்றி என்று இல்லை. அம்மா அதைக் கேள்விப்பட்டு, முன்பின் தெரியாத மனிசர் எவ்வளவு நல்ல மாதிரி, எங்கடை கவலையைப் பகிர்கினம் என்று உருகினார்.

கடைசியில் விசாரணைக்குழு ஒன்று அமைத்து, கருவிக்குப் பொறுப்பாக இருந்தவரைக் காணொளியில் விசாரிக்கவேண்டும் என்றார்கள். மாமா திரும்பவும் வெள்ளை வேட்டி கட்டினார். நான் மொழிபெயர்த்தேன். திரையில் மூன்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள். பெட்டியில் கருவி இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். மாமா வெளியே போய்ப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் திறந்தார். உள்ளே அன்றைய பாரை மீன் இருந்தது. மூவரும் குனிந்து ஏதோ எழுதினார்கள். ஒருவர் அது என்ன மீன், எப்படிச் சமைப்பது என்று கேட்டார். விசாரணையில் மிகுதி நேரம் அதில்தான் போனது.

பிறகும் காத்திருந்து ஒரு நாள் அறிவித்தல் வந்தது. மாமா, ஐஸ், மீன், ஞாயிறு எதுவுமே அதில் இல்லை. "அளவீட்டுக் காலத்தின் பெரும்பகுதியில் கருவி கடல் தவிர்ந்த பிறிதொரு சூழலில் வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்ததால் இக்கட்டுரை மீளப்பெறப்படுகிறது" என்று மட்டும் இருந்தது. என் வேலை நிரந்தரமாவது சில வருடம் தள்ளிப்போனது. கட்டுரையை அதற்குப் பிறகும் மேற்கோள் காட்டுகிறார்கள். வேறொரு கடலில் எங்கள் வாராந்த அலைவைத் தேடி, அது இல்லாததற்கு விளக்கம் எழுதியிருக்கிறார் ஒருவர். அப்பாவிடம் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன்.

"அவங்களே சிவப்பு மை போட்டு வைச்சுக்கொண்டிருக்கிறாங்கள், எடுக்கேல்லை. நான் ஏன் கழட்டுவான்?" என்றார்.

அந்த அறிவித்தலை வீட்டில் எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டியதுதான் நான் விட்ட கடைசிப் பிழை. போன பெருநாள் பூசைக்கு மாமாவைக் காணவில்லை. சாமியார் மாமியிடம் விசாரித்தார். மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார்:

"பூசையின்ரை பெரும்பகுதியிலை அவர் கோயில் தவிர்ந்த பிறிதொரு சூழலிலை வைக்கப்பட்டிருந்தவர், சாமி."

சாமியார் கள்ளுத் தவறணைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.