மேல் வீட்டு சைக்கிள் சத்தம் குறித்து

திருவானைக்காவல்,
14-8-2025, வியாழன்.

அன்புள்ள மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு,

உங்கள் கீழ் வீட்டிலிருந்து அத்தான் நல்லுசாமி எழுதுவது. ஓசூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது, முழங்கால் அளவோடு வலிக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தாயிற்று. உங்கள் அக்காவின் படத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் பூ போடுகிறேன். இவ்வளவுதான் நல்ல சேதி. இனி புகார்.

சென்ற மாதம் போனில் நான் புலம்பியபோது நீங்கள், "அத்தான், வாயால சொன்னா நிக்காது. எழுத்துல குடுங்க, அதை வெச்சு அவங்களைக் கிளப்பிடுறேன்" என்றீர்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம், ஆட்கள் வந்து போகும் நேரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஆதாரம் இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை. அதனால் ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது ஆதாரம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டில் பதினொரு பக்கம்.

மேல் வீட்டு அனுசுயாவை நீங்களே பார்த்துக் குடிவைத்தீர்கள். ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் வேலை. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் காலை எட்டு மணிக்குத்தான் திரும்புவார். ஒரே மகள் அகிலாண்டேஸ்வரி. அகிலா என்று கூப்பிடுகிறார்கள். பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு, கபடி ஆடுகிறவள். ஜூலை 7, திங்கட்கிழமை, ஒரு போட்டியில் ரெய்டு போனபோது எதிர் அணிப் பெண்ணின் முழங்கால் இவள் தலையில் பட்டுவிட்டது. மயக்கம் போடவில்லை. எழுந்து நின்று, "நம்ம டீம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாளாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, ரத்தம் கசியவில்லை, மூளை ஒரு குலுக்கு குலுங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்களாம். மூளை குலுங்கிய பிறகு 'அவ்வளவுதான்' என்ற சொல்லை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு நாள் மேல் வீடு அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு என் தலைக்கு நேர் மேலே கிர்ர்ர் என்று ஒரு சத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு இடி. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிளாம். யாரோ ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டதை வாங்கி வந்திருக்கிறார்கள். இடது பெடல் ஆட்டம். என் கட்டிலை அடுத்த சுவருக்கு நகர்த்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சுவரில் உங்கள் அக்காவின் பீரோ இருக்கிறது. அதை நான் நகர்த்தப் போவதில்லை. அவள் புடவைகள் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.

நாலு நாள் பொறுத்துவிட்டு மேலே போனேன். "ஏம்மா, தலையில அடிபட்ட பிள்ளைய சைக்கிள் ஓட்டச் சொல்லி எந்த ஊர்ல வைத்தியம் பாக்குறாங்க?" என்று கேட்டேன். "டாக்டரம்மாதான் சார் சொன்னாங்க. ரெண்டு நாள் சும்மா இருந்தாப் போதுமாம். அப்புறம் தெனம் கொஞ்சம் மூச்சு வாங்கணுமாம். படுத்தே கெடந்தா தலைவலி வீட்டோட தங்கிடுமாம்" என்றார் அனுசுயா. "அப்ப ரோட்ல நடக்கட்டுமே?" என்றேன். "ரோட்ல வெயிலு, ஹாரனு. பஸ்காரன் ஒரு பிரேக் போட்டா இவ துள்ளி விழுறா. சைக்கிள்னா தலை நிக்கும், காலு மட்டும் சுத்தும் சார்." மருத்துவம் இப்படி: விரலில் நாடித்துடிப்பு காட்டும் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும், கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கினோமே, அது. துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது. தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டும்போது இரண்டு மார்க் ஏறினால் உடனே இறங்கிவிட வேண்டும். மெல்ல மெல்ல இருபது நிமிடம் வரை போக வேண்டும். எல்லாவற்றையும் அவளே ஒரு நோட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு இதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. உங்களுக்கு நினைவிருக்கும். 1989 ஆடிப் பெருக்கு அன்று அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில் வழுக்கி விழுந்து எனக்கும் பின்மண்டையில் அடி. அப்போதைய வைத்தியப்படி ஆறு வாரம் இருட்டு அறை. ரேடியோ கூடாது, பேப்பர் கூடாது, பேச்சு கூடாது. உங்கள் அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அந்தக் கல் தட்டில் விழும் சத்தம்தான் எனக்கு உலகம். ஆறு வாரம் கழித்து வெளியே வந்தேன். தலைவலியும் கூடவே வந்தது, ஒன்றரை வருடம் இருந்தது. ஆனாலும் வைத்தியம் என்றால் அதுதான் வைத்தியம் என்றே நினைத்திருந்தேன். பெற்ற தாயே பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறாள் என்று முடிவுகட்டி, ஜூலை 14 முதல் பதிவு செய்யத் தொடங்கினேன். ஆரம்பம், முடிவு, மொத்தம்.

ஒரு வாரம் எழுதியதை அகிலாவிடமே காட்டினேன். வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வரி வரியாகப் படித்துவிட்டு, "தாத்தா, இங்க 5.48னு போட்டிருக்கீங்க. நான் 5.47க்கே எறங்கிட்டேன். சக்கரம்தான் சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சு" என்றாள். விசாரித்ததில் அது சரி. மிதிக்கும்போது மட்டும்தான் டக் வரும். அன்று முதல் டக் நின்ற நேரத்தைத்தான் முடிவாக எழுதுகிறேன். ஆக, பதிவு மிகச் சரியானது. ஆறு நிமிடம், ஆறு, ஏழு, எட்டு, பள்ளிக்கூடம் போன மறுநாள் ஐந்து, பிறகு ஒன்பது. இன்னொன்றையும் புகாரில் சேர்த்துக்கொள்ளவும். ஐந்து நாற்பத்து மூன்றுக்குள் சத்தம் வராவிட்டால் என்ன ஆயிற்றோ என்று எனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. இதுவும் அவர்களால் ஏற்படும் இடைஞ்சல்தான்.

ஜூலை 30, புதன்கிழமை அனுசுயா கையில் மகளின் நோட்டோடு கீழே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், ஒரு வாரமா இருவது நிமிஷம், வலி சைபர். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா இதைப் பாத்தா ஆட விட்ருவாங்க. ஞாயித்துக்கெழமை மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. அதுக்கப்புறம் சைக்கிளே கெடையாது. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்." நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வாரமாக ஒன்பதும் பத்தும் என்று என் நோட்டில் இருக்கிறது. ஒரு நாள்கூடப் பதினொன்று இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை மாப்பிள்ளை. முதலில் தோன்றியது, சைக்கிள் நிற்கப் போகிறது என்பதுதான். "நல்லதும்மா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் அகிலா வந்தாள். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே, "தாத்தா, உங்க நோட்டை அம்மாகிட்டக் காட்டாதீங்க" என்றாள். "வலிக்குதா?" என்று கேட்டேன். "ஒம்பது நிமிஷத்துல பின்னாடி ஆணி அடிக்கிற மாதிரி வருது. எறங்குனா போயிடும். ரெய்டு முப்பது செகண்டுதான் தாத்தா. ஒம்பது நிமிஷத்துக்குப் பதினெட்டு ரெய்டு வருதுல்ல?" என்றாள். கணக்கு சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மறுபடி தலையில பட்டா?" என்றேன். "படாது." "போன தடவை?" என்றேன். அவள் என் வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த டீம்ல எடுத்தாதான் தாத்தா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சீட்டு. படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்க செலவு. அம்மா நாலரைக்குக் கெளம்ப வேண்டாம்" என்றாள். வாக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அனுசுயாவிடம் வாயைத் திறக்காமல் வெள்ளிக்கிழமை வரை கடத்திய அந்த இரண்டு நாளும் உங்கள் அக்கா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் உறையூர்ப் பக்கம் இருக்கும் கிளினிக்குக்குக் கிளம்பினார்கள். யாரும் கூப்பிடாமலே நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். என் பையில் இருப்பது என்ன என்று அகிலாவுக்குத் தெரியும். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். அகிலாவின் நோட்டைப் புரட்டி, "ரொம்ப நல்லா இருக்கே" என்று பேனாவைத் திறந்தார். என் நோட்டை அதன் மேல் வைத்தேன். இரண்டையும் தேதி தேதியாக ஒப்பிட்டார். "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்றார். "ஒண்ணும் வேணாம். கீழ் வீட்டுக்காரன். சத்தத்துக்குப் புகார் குடுக்க எழுதுனது" என்றேன். அனுசுயா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். ஆறாத மூளை மேல் இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்று அகிலாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். எனக்கும் கேட்டது. இங்கே எழுத விரும்பவில்லை. பிறகு, "ஒம்பது நிமிஷங்கிறது தோல்வி இல்லம்மா. ஆறுலேர்ந்து வந்திருக்க. நெசத்தை எழுதியிருந்தா துடிப்பைக் குறைச்சு ஓட்டச் சொல்லியிருப்பேன். ஒரு வாரம் வீணாப் போச்சு" என்றார்.

இதுதான் சமயம் என்று, "இருட்டு அறையில படுக்கப் போடுங்க டாக்டர், சைக்கிள் வேணாம்" என்று 1989-ஐ முழுவதும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தத் தலைவலி எப்ப போச்சு?" என்றார். "மறுபடி பொன்மலைக்கு சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போக ஆரம்பிச்சப்புறம்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. படித்த பெண்.

துடிப்பு இனி நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை டீமுக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திருவானைக்காவலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அகிலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க சத்தத்துக்குத்தானே எழுதுனீங்க?" "ஆமாம்" என்றேன். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அந்த ஞாயிறு ஆடிப் பெருக்கு. அனுசுயா பூ மார்க்கெட்டை விட்டு நகர முடியவில்லை. ஊரே அம்மா மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல் வீட்டில் அவள் மட்டும். அன்று நாலு நிமிடம். பிறகு எதுவோ சுவரில் பட்ட சத்தம். காலணி என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்து நாளாகச் சத்தத்தின் குணமே மாறிவிட்டது. முன்பு அது வெறும் சத்தம். இப்போது அது என்னைப் பார்த்துச் சொல்வது. இறங்கும்போது பெடலுக்கு ஒரு உதை விழுகிறது. அது பெடலுக்கு இல்லை. பதிவு ஏறிக்கொண்டுதான் வருகிறது, ஒன்பது, பத்து, பதினொன்று. ஆனால் மாடிப்படியில் என்னைக் கண்டால் அவள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்கிறாள். அனுசுயா "வாங்க சார்" என்கிறார், முன்பு போல உதிரிப் பூ கொடுப்பதில்லை. உங்கள் அக்காவுக்குக் கடையில் வாங்கிப் போடுகிறேன். எழுபத்தொரு வயதில், விடிந்ததும் விடியாததுமாக, தன்னை வெறுக்கிற ஒரு பிள்ளையின் காலுக்குக் கீழே படுத்திருப்பது ஒரு மனுஷனுக்கு முடியாது மாப்பிள்ளை.

ஆகவே ஒன்று அந்த சைக்கிளை முன் அறைக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முன் அறைக்கு மாற்றும்படி இன்று மாலை அனுசுயாவிடம் கடைசி முறையாகச் சொல்லிவிட்டேன். "சரி சார்" என்றார். அந்தச் 'சரி'யில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் இக்கடிதத்தை எழுத்து மூலமான புகாராக எடுத்துக்கொண்டு ஆவன செய்யவும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தலையில் எதுவும் படாமல் நீடூழி வாழ ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
அத்தான்
க. நல்லுசாமி

பின்குறிப்பு (17-8-2025, ஞாயிறு): சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, ஞாயிறு என்று மூன்று நாளாகத் தபால் நிலையம் இல்லை. அதற்குள் நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குச் சத்தம் இல்லை. கொடியேற்றப் போயிருப்பாள் என்று நினைத்தேன். சனிக்கிழமையும் இல்லை. ஆறேகால் வரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு மேலே போய்க் கதவைத் தட்டினேன். அகிலாதான் திறந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "சத்தம் கேக்கல" என்றேன். "அதுக்குத்தானே முன்ரூமுக்கு மாத்துனோம்" என்றாள். பதினைந்து நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. "நோட்டுல ரெண்டு நாள் காலியா இருக்கும்மா" என்றேன். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நேத்து பதினொண்ணு. இன்னைக்குப் பன்னெண்டு. நெசமாத்தான்" என்றாள்.

சாயந்திரமே சைக்கிளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அனுசுயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அகிலா கனம் தூக்கக் கூடாது என்பதால், "இடது பக்கம், தாத்தா, அது உங்களுக்கு வலது" என்று வழி சொன்னாள். மேலே முழங்கால் பற்றி எழுதியிருப்பதைக் கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளவும். ஆட்டம் காணும் பெடலை முடுக்கித் தருகிறேன் என்று அனுசுயாவே சொன்னார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். டக் இல்லாவிட்டால் எப்படி எழுதுவது?

ஆகையால் மேலே உள்ளதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரையும் கிளப்ப வேண்டாம். இன்று என் காதால் கேட்டது பதிமூன்று நிமிடம். உதை இல்லை. வெள்ளிக்கும் சனிக்கும் அவள் சொன்னதையே எழுதினேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு ஆள் வாயால் சொன்ன நேரத்தை நான் பதிவேட்டில் ஏற்றியதே இல்லை.