எக்ஸ் போட்ட புளியமரங்கள்

எங்கள் குடும்பத்தில் போலீஸ் வேனில் ஏறிய ஒரே ஆள் நான்தான். அதுவும் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில். போராடியவர்கள் எங்கள் சமூகத்தார் இல்லை, நான் அதில் கலந்துகொள்ளவில்லை, ஒரு கோஷம்கூடப் போடவில்லை. இந்த மூன்று விவரங்களையும் இத்தனை வருடங்களாகச் சொல்லிவருகிறேன். ஒன்றையும் யாரும் காதில் வாங்கியதில்லை.

நிதானமான பெண் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. ஆனால் போலீஸிடம் மாட்டிக்கொண்டால் நிதானத்தைப் போல் கெடுதல் வேறில்லை. அழுகிறவளைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு வரிசையாகப் பதில் சொல்கிறவளைத்தான் உட்கார வைத்துக்கொள்வார்கள்.

அப்போது நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சாலை போடும் அலுவலகம் ஒன்றில் தினக்கூலித் தொழில்நுட்ப உதவியாளர். (பெயர் நீளம், கூலி குட்டை.) கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். புளி ஏலம் விடுவதற்காக ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பட்டை அடித்து, கறுப்பில் எண் போட வேண்டும். உள்ளே உளுத்துப்போய், எப்போது வேண்டுமானாலும் சாயக்கூடிய மரமென்றால், அகற்றலாம் என்று ஓர் அடையாளம் வைக்க வேண்டும். எப்படிப்பட்ட அடையாளம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லவில்லை. வேறு யாராவது சின்னதாகச் சுண்ணாம்பில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். நான் அத்தாவின் (எங்கள் வீட்டில் அப்பா என்றால் அத்தா) பெயிண்ட் கடையிலிருந்து ரத்தச் சிவப்பில் எனாமல் வாங்கி, மலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எக்ஸ் போட்டேன்.

அந்த வேலை எனக்கு நிரந்தரமாகும் நிலையில் இருந்தது. எல்லாம் முடிந்து, போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதி வந்துவிட்டால் போதும்.

எனக்குப் பட்டியல் போடாமல் பொழுது விடியாது. அன்றைய பட்டியலில் மூன்று வேலைகள்: மீதி மரங்களுக்கு எண் போடுவது, தின்னர் வாங்குவது, சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் என் காகிதம் என்ன ஆயிற்று என்று விசாரிப்பது. மூன்றாவது வேலை நான் திட்டமிட்டதைவிடச் சீக்கிரமே ஆரம்பித்தது.

அந்த வாரம் முழுக்கச் சாலை மறியல். பஸ் இல்லை, கடை இல்லை. மரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருக்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. சைக்கிளை எடுக்கும்போது அத்தா வாசலில் நின்று மறித்தார்.

"இன்னிக்கி எங்கயும் போவாதம்மா. ரோட்டுல பிரச்சினையாக் கெடக்குது."

"எனக்கு ரோட்டுல வேலை இல்ல அத்தா. மரத்துலதான் வேலை" என்றேன்.

(இந்த வாக்கியத்தை அத்தா இன்றுவரை மறக்கவில்லை.)

எனக்கு உதவியாளாக ஏழுமலை அண்ணன் வருவார். பெயிண்ட் டப்பாவும் கொடுவாளும் அவர் பொறுப்பு. கொடுவாளின் முதுகால் மரத்தைத் தட்டினால், உளுத்த மரம் காலித் தகரம் மாதிரி சத்தம் போடும். அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மரங்கள் ரோட்டின் குறுக்கே வரிசையாகப் படுத்திருந்தன. வெட்டியவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

முதல் மரத்தைப் பார்த்தேன். சிவப்பு எக்ஸ். அடுத்தது, எக்ஸ். அதற்கடுத்ததும் எக்ஸ். நல்ல மரம் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

புத்தியுள்ள பெண் அங்கேயே சைக்கிளைத் திருப்பியிருப்பாள். எனக்கு வந்ததோ பெருமை. ஏழுமலை அண்ணனிடமிருந்து கொடுவாளை வாங்கி, வெட்டுப்பட்ட அடிமரத்துக்குள் விட்டுப் பார்த்தேன். பிடிவரை உள்ளே போயிற்று. ஒவ்வொரு மரமாகக் குனிந்து சரிபார்த்தேன். என் கணிப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. நிமிர்ந்து, கொடுவாளைக் கையில் பிடித்தபடி உரக்கச் சொன்னேன்:

"பாத்தீங்களாண்ணே, இங்க நான் போட்டது அத்தனையும் விழுந்துடுச்சி."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அத்தனையும் நீ போட்டதா?"

ஏழுமலை அண்ணனின் குரல் இல்லை அது. அவர் போலீஸ் ஜீப்பை எனக்கு முன்னால் பார்த்துவிட்டு, "தோ ஒதுங்கிட்டு வரேம்மா" என்று கரும்புக்குள் போயிருந்தார். (அடுத்த வாரம் திரும்பி வந்தார்.) எதிரில் நின்றவர் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார்" என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் நான்.

பின்னால் வந்த வேன் நிறைய, வேறோர் இடத்தில் மறியல் செய்து பிடிபட்டவர்கள். பெண் போலீஸ் யாரும் வரவில்லை. ஆகவே என்னைக் கைது செய்யும் பொறுப்பைப் பிடிபட்டவர்களில் ஒருவரான அஞ்சலை அக்காவே ஏற்றுக்கொண்டார். "வா பாப்பா, குந்து. மொதோ தடவையா?" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

எங்களைக் கொண்டுபோய் இறக்கியது அதே சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில். அத்தனை பேருக்கு ஸ்டேஷனில் ஏது இடம்? முந்தைய கல்யாணத்தின் வாழைமரங்கள் வாசலில் இன்னும் வாடிக்கொண்டிருந்தன. ஆண்கள் மேடைக்கு எதிரில், பெண்கள் மணமகள் அறையில். மணமகள் அறை என்று எழுதிய கதவுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது, கொடுவாளோடு பிடிபட்டவளாகத்தான்.

மதியம் பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம் வந்தது. "போன மறியலுக்கு சாம்பார் சோறும் அப்பளமும் போட்டாங்க" என்று அஞ்சலை அக்கா வருத்தப்பட்டார். "வரவர இவுங்க கவனிப்பு கம்மியாயிக்கினே வருது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊரு? இன்னா பேரு?"

"கள்ளக்குறிச்சி. பர்வீன்."

அக்கா பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"பாய் வூட்டுப் பொண்ணா? ஒனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?"

மரத்துக்கு எக்ஸ் போட்டவள் நான்தான் என்று விளக்கினேன். பெண்கள் எல்லாரும் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அட, நீதானா அது? எங்க ஆளுங்க எந்த மரத்த வெட்றதுன்னு நின்னுக்கினு இருந்தாங்க. பாத்தா ஒவ்வொண்ணுலயும் செவப்பா போட்டுக் கெடக்குது. கவர்மென்டே வெட்டிக்கோன்னு எழுதி வச்சிருக்கும்போது நல்ல மரத்த ஏன் தொடணும்னு அதயே வெட்னாங்க. ரெண்டு போடு போட்டா விழுந்துடுதாம். கை வலியே இல்லன்னாங்க."

அரசாங்கத்தின் குறிப்பை இவ்வளவு மரியாதையோடு நிறைவேற்றியவர்களை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"கவலப்படாத. பொழுது சாஞ்சா எல்லாரையும் வுட்டுடுவாங்க" என்றார் அக்கா.

அப்போது கதவருகில் நின்ற ஏட்டு சொன்னார்: "ஒங்கள வுட்டுடுவாங்க. மரம் வெட்டுன கேசுக்கு மட்டும் ஒரு ஆள் வேணும். எஸ்.ஐ. ஐயா இந்தப் பொண்ணத்தான் சொல்லிக்கினு இருக்காரு."

எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை மடித்து வைத்தேன். என் மேல் வழக்கு இல்லை என்று எழுதித் தர வேண்டிய அதே ஸ்டேஷன், என் மேல் வழக்கு எழுதப்போகிறது. வேலை போய்விடும். ரிமாண்ட் என்றால் கடலூர் ஜெயில். அத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. அழுதிருந்தால் பிழைத்திருப்பேன். நான் மனதுக்குள், சொல்ல வேண்டிய விவரங்களை வரிசைப்படுத்தினேன்.

வராண்டாவில் மேசை போட்டு எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று நாள் தூங்காத கண்கள். மணமகள் அறையின் ஜன்னல் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கம்பிகளில் அஞ்சலை அக்காவோடு ஏழெட்டு முகங்கள்.

"எந்த மரத்த வெட்டணும்னு குறிச்சிக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார். ஆனா வெட்டச் சொல்லல. அகற்றலாம்னு பரிந்துரைதான்."

"எத்தன மரம்?"

"இதுவரைக்கும் பதினொண்ணு. அதுல பத்து விழுந்துடுச்சி."

"அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி."

"ஆமா சார்" என்றேன். கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் அதிகாரி கிடைத்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் அத்தா தகவல் கேள்விப்பட்டுத் தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து சேர்ந்தார். மறியலைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பில் எல்லாம் ஓட்டி வந்திருக்கிறார். லுங்கி முழங்கால்வரை சேறு.

"ஐயா, என் பொண்ணுக்கும் இந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஆபீஸ் வேலயாத்தான் வந்துச்சி. பெயிண்ட்டுகூட நான்தான் குடுத்தேன்."

"ஓ" என்றார் எஸ்.ஐ. "பெயிண்ட் சப்ளை நீங்களா பாய்? ஒக்காருங்க."

எனக்காக வாதாட வந்தவர் இரண்டாம் குற்றவாளியாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி சொல்லும்மா. அந்தப் பதினொண்ணாவது மரம் எங்க? எப்ப விழப்போவுது?"

"எப்பன்னு சொல்ல முடியாது சார். காத்து அடிச்சா விழும். எங்கன்னா..." நான் வாசலைக் காட்டினேன். "உங்க ஜீப் நிக்குதே, அதுக்கு மேல இருக்கறதுதான். எக்ஸ் அந்தப் பக்கமா போட்டிருக்கேன், இங்கேருந்து தெரியாது. ஜீப்ப எடுத்துடச் சொன்னா நல்லது."

அந்தச் சாலையிலேயே நல்ல நிழல் அந்த மரத்தடியில்தான். டிரைவர் ஜீப்பை அங்கே விட்டுவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் டீ குடிக்கப் போயிருந்தார்.

எஸ்.ஐ. பேனாவை மேசையில் வைத்தார். "போலீஸ் ஜீப் மேல மரத்தப் போடுவேன்னு மெரட்டுறியா?"

"இல்ல சார், தகவல் சொன்னேன்."

"ஏட்டு, இதயும் எழுதிக்குங்க. எஃப்.ஐ.ஆர்.ல சேத்துக்கலாம்."

அத்தா என் கையைப் பிடித்தார். "வாய மூடிக்கினு இரும்மா" என்று கிசுகிசுத்தார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. பெரிய காற்றெல்லாம் இல்லை. வாசலில் கட்டியிருந்த வாழையிலை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். பிறகு, யாரோ சோம்பல் முறித்த மாதிரி ஒரு சத்தம். புளியமரம் அவசரமே இல்லாமல் சாய்ந்து, ஜீப்பின் மேல் படுத்துக்கொண்டது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஜீப் மட்டும் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.

ஜன்னலில் அஞ்சலை அக்காவின் குரல் எழுந்தது. "பாப்பா விழும்னுச்சி, விழுந்துடுச்சி பாருங்கடி." அடுத்து, "பர்வீன் அக்கா..." என்று அவர் இழுக்க, மணமகள் அறை முழுவதும் "வாழ்க" என்றது. மேடைப் பக்கம் இருந்த ஆண்களுக்கு விஷயம் தெரியாது. கோஷம் என்று வந்தபின் சும்மா இருக்க முடியுமா? தாத்தா வயதுக்காரர்கள்கூடக் கையை உயர்த்தி "பர்வீன் அக்கா வாழ்க" என்றார்கள். மண்டபம் அதிர்ந்தது.

சம்பந்தமே இல்லை என்று அத்தா சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. மரத்தருகே போனார். நானும் போனேன். முறிந்த இடத்தில் வெறும் தூள். யாரும் வெட்டவில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். சாய்ந்ததில் மரம் திரும்பிக்கொண்டு, என் எக்ஸ் வானத்தைப் பார்த்துப் பளபளத்தது. எஸ்.ஐ. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் ஓடியது எனக்கும் புரிந்தது. என் பெயரில் எஃப்.ஐ.ஆர். என்றால் என் வாக்குமூலமும் அதில் வரும். விழும் என்று எழுதியிருந்த மரத்தடியில், விழும் என்று சொன்ன பிறகும், யார் ஜீப்பை நிறுத்தி வைத்தது என்ற கேள்வி வரும்.

"எங்க பெரிய ஆபீசர் சாயங்காலம் ரவுண்ட்ஸ் வராரு" என்றார் மெதுவாக. "இந்த எக்ஸ அழிக்க முடியுமாங்க?"

அவர் பேச்சில் எனக்காக ஒரு 'ங்க' சேர்ந்திருப்பதைக் கவனித்தேன்.

"எனாமல் சார். அழியாது."

"பத்து வருஷம் நிக்கும்யா" என்றார் அத்தா பின்னாலிருந்து. எந்தச் சூழ்நிலையிலும் அவர் கடைச் சரக்கை விட்டுக்கொடுத்ததில்லை.

"அப்ப இன்னாதான் பண்றது?"

"கிளைய வெட்டி மேல போட்டா மறைஞ்சிடும் சார்" என்றேன். யோசனை கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

வெட்டுவதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு கருவி. என்னிடமிருந்து கைப்பற்றிய கொடுவாள். ஏட்டு அதை எடுத்துவந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளைகளை வெட்ட ஆரம்பித்தார். ஜன்னலில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "ஏட்டய்யா, அடியில போடுங்க. மேல போட்டா கை வலிக்கும்" என்று அஞ்சலை அக்கா வேலை சொல்லிக்கொடுத்தார்.

பொழுது சாய்ந்ததும் எல்லாரையும் விட்டார்கள். என்னிடம் எஸ்.ஐ. சொன்னது ஒன்றுதான்: "நீங்க இன்னிக்கி இங்க வரவேயில்ல." அடுத்த வாரமே என் சரிபார்ப்புக் காகிதம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. வழக்கு எதுவும் இல்லை, நன்னடத்தை உள்ளவர். கொடுவாள் மட்டும் திரும்பி வரவில்லை.

சில வருடங்கள் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "டேய், இந்த அக்காவுக்கு வணக்கம் சொல்லு. ஒனக்கு சீட்டு கெடைக்கணும்னு போலீஸுக்குப் போனவுங்க" என்றார். அவன் பயபக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டான். நான் மறுக்க வாயெடுத்தேன். பஸ் நிலையத்தின் நடுவில், அந்த மூன்று விவரங்களையும் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பஸ் புறப்பட்டுவிட்டது.

வீட்டில் எனக்கு அன்றிலிருந்து 'தியாகி' என்றுதான் பெயர். தம்பி மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது, "தியாகி கோட்டா உண்டான்னு கேட்டுக்கோ, அத்தை வூட்லதான் இருக்கா" என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தா மட்டும் அப்படிக் கேலி செய்வதில்லை. வண்டியை எங்கே நிறுத்தினாலும் இறங்காமல் மேலே ஒரு பார்வை பார்ப்பார். மரம் ஏதாவது இருந்தால் என் பக்கம் திரும்பி, "தட்டிப் பாத்துட்டு வாம்மா" என்பார்.

நானும் இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.