மூலைத்தட்டு சீஸ்

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. தையக்கார அண்ணே, அந்த உப்புத்தண்ணி வாளி மேல இல்ல, இந்த ஸ்டூல்ல. அண்ணி, பேச்சை நிறுத்துங்க. உயிர் போற விஷயம். யார் உயிரா? என் உயிர்தான். மாமா, நீங்க அந்த மூலையிலேயே இருங்க. உங்களைப் பேசாதேன்னு சொல்ல வேண்டியதில்ல. என் கல்யாணத்தன்னிக்கு ஒரு "ம்" சொன்னீங்க, அதோட சரி.

இந்த ரூமைப் பாருங்க. ஜன்னல் கிடையாது. குளுகுளுன்னு இருக்கு. சுவரு பூரா மரத்தட்டு, தட்டு பூரா என் பொண்டாட்டி செஞ்ச சீஸ். எண்பது வட்டு. ஒவ்வொண்ணும் வண்டிச் சக்கரத்துக்குத் தம்பி. தினமும் ஒவ்வொண்ணையும் உப்புத்தண்ணியில துடைச்சு, கவுத்துப் போடணும். இல்லேன்னா ஒரு பக்கமா பூசணம் பூத்துடும். போன மாசம் வரைக்கும் அவ அப்பா, நம்ம மாமாதான் கவுத்தாரு. அப்புறம் இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

அவளுக்குப் பழைய சீஸ்தான் பிடிக்கும். ரெண்டு வருஷம் கிடந்து கல்லாகணும். உடையப் போறது சீஸா பல்லான்னு பந்தயம் கட்டலாம். மாமாவுக்கு நாறணும். மூடியைத் திறந்தா தெருநாய் ஊரைக் காலி பண்ணணும். எனக்கு இளசு. கத்தி பட்டதும் வெக்கப்பட்டு வழியணும். ஆனா அவ செய்யவே மாட்டா. "அதெல்லாம் பல்லு முளைக்காதவங்க திங்கிறது"ம்பா.

அப்பேர்ப்பட்டவ, போன மாசம் மூலைத்தட்டுல ஒண்ணு வச்சா பாருங்க. இளசு! தொட்டா கன்னம் மாதிரி அமுங்குது.

"என்னங்க, இது சந்தையில கடைக்கு இடம் குடுக்கிற பெரியம்மா ருசி பாக்கறதுக்கு. இது அவங்களுக்குப் பிடிச்சாத்தான் நமக்குக் கடை. உங்க விரல் பட்டுச்சு..."

"பட்டா?"

"விரல் இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க."

நான் நல்லவன்தான் அண்ணே. ஸ்பூன்தான் கெட்டது. முதல் நாள் அடிப்பக்கமா ஒரே ஒரு ஸ்பூன். நாலாம் நாள் பாக்கறேன், உள்ள பூனை குட்டி போடலாம். மெழுகுவர்த்தியை உருக்கி ஊத்தி அடைச்சு, மேல மாவைத் தடவி, ஓட்டை கீழ போற மாதிரி வச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில அவ சொல்றா, "அப்பாவுக்கு முடியல. இன்னிலேருந்து நானே போய் எல்லாத்தையும் கவுத்துப் போடறேன்."

கவுத்தா ஓட்டை மேல வருமே!

"நான் இருக்கேன்ல? நானே போடறேன்!"

"உங்களுக்கு முதுகு வலிக்குமே?"

"எனக்கு முதுகே கிடையாதும்மா!"

"எண்பதையுமா?"

"எண்பதையும்!"

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை!"

அன்னிலேருந்து எழுபத்தொன்பதைக் கவுத்தறேன், ஒண்ணைக் கும்பிடறேன். இன்னிக்குப் பத்து மணிக்கு அந்தப் பெரியம்மா வர்றாங்க. ஏதாச்சும் வழி சொல்லுங்க!

இப்படி நான் புலம்பி முடிச்சதும் அண்ணன் தாடையைத் தடவினாரு. "எலி மேல பழியைப் போடேன்."

"எந்த ஊரு எலி மெழுகு ஊத்தி அடைக்கும்?"ன்னாங்க அண்ணி.

அப்பப் பாத்து படியில செருப்புச் சத்தம். அவதான். கையில கத்தி. யாரையும் பாக்கல, நேரா மூலைத்தட்டுக்குப் போனா. வட்டைத் தூக்கினா. கவுத்தா. என் மெழுகு பொத்துனு அவ கால்கிட்ட விழுந்துச்சு.

அவ குனிஞ்சு மெழுகை எடுத்துப் பாத்தா. திட்டியிருந்தா பயம் பாதியா குறைஞ்சிருக்கும். நான் அவ முன்னால மண்டி போட்டேன்.

"தெரியாம தின்னுட்டேன்! நம்ம கடையைக் கெடுத்துட்டேன்! ஆயுசு பூரா நானே கவுத்துப் போடறேன், என்னை மட்டும் விட்டுடு!"

அவ திரும்பி அண்ணனையும் அண்ணியையும் பாத்தா. "ஆயுசு பூரான்னாரு. கேட்டீங்கல்ல?"

"கேட்டோம்மா"ன்னாங்க அண்ணி. "பாவம், அந்தச் சந்தைப் பெரியம்மா வந்தா என்ன சொல்லுவே?"

"எந்தப் பெரியம்மா?"ன்னு கேட்டுட்டு, மீதி இருந்ததுல ஒரு துண்டு வெட்டி என் கையில வச்சுட்டு, மாடிக்குப் போயிட்டா.

எனக்கு ஒண்ணும் புரியல. "அப்போ யாருக்கு இதைச் செஞ்சா? அவளுக்குத்தான் இளசே ஆகாதே!"

மூலையில நாற்காலி கிரீச்சுன்னுச்சு. மாமா தொண்டையைச் செருமினாரு.

"மாப்ளே, உங்க அத்தை இதே தட்டுல எனக்குப் பிடிச்ச நாத்தச் சீஸா ஒண்ணு வச்சா. நானும் ஸ்பூனோட போய் மாட்டிக்கிட்டேன். நாப்பது வருஷம் கவுத்தேன். இப்பத்தான் உக்காந்திருக்கேன்."