முட்டியைக் காட்டினால் இடுப்பைப் பார்த்த டாக்டரம்மா

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மருமகள் குட்டியும் நலம். நலம் என்று வாய்க்கு வந்ததை எழுதவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் தம்பி போன பிறகு இங்கே வந்து தங்கினீர்களே, அப்போது குட்டி நொண்டுவதைப் பார்த்து "ஐயோ, என் தம்பி நடை அப்படியே வந்துடுச்சே"ன்னு கட்டிக்கொண்டு அழுதீர்கள். கதவு மாட்டப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் அப்படித்தானே நடப்பார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அவள் கூடத்தில் நடந்தால் அவர் வருகிற சத்தம் மாதிரியே இருக்கும், நான் அடுப்படியில் அசையாமல் நின்று கேட்பேன். ஆனால் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தாள். அப்பா நடை நடக்கிறவளுக்கு வலி எதற்கு? மருந்துக்கடைக்காரர் வளர்கிற வலி என்றார். விளையாட்டு வாத்தியார் நடிப்பு என்றார். முட்டியை மட்டும் படம் எடுத்தவர் முட்டி தங்கம் மாதிரி இருக்கிறது என்றார். அந்தத் தங்கம் ராத்திரியெல்லாம் அழுதது.

கடைசியில் பிள்ளைகளுக்கு மட்டும் எலும்பு பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். அவர் குட்டியைப் படுக்க வைத்து நேராக இடுப்பைப் பிடித்தார்.

"டாக்டரம்மா, வலி முட்டியில."

"தெரியுதும்மா."

"நீங்க இடுப்பைப் பிடிக்கிறீங்க."

"அதுவும் தெரியுதும்மா."

காலை மடக்கினார். அது நேராக மடங்காமல், கீல் விட்ட கதவு மாதிரி தானாக வெளிப்பக்கம் திரும்பிப் போனது. இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இடுப்புக்குள்ள தொடை எலும்போட தலை, அந்த எலும்போட கழுத்துலேர்ந்து வழுக்குது, இனி ஒரு அடி நடக்கக் கூடாது, நடந்தா கால் கெட்டுடும்" என்று குட்டியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். கெட்டது இடுப்பாம், அழுவது முட்டியாம். இது எனக்குச் சட்டென்று புரிந்தது அண்ணி, உங்கள் மேல் கோபம் வந்தால் நான் பாத்திரத்தைத்தானே போட்டு உருட்டுவேன்.

"திருகாணி ஒண்ணு போட்டா நின்னுடும்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "ஒண்ணா? இவங்க அப்பா ஒரு கீலுக்கே மூணு போடுவாரு!"

"அப்ப அவரையும் வரச்சொல்லுங்க, பேசிக்கலாம்" என்று சிரித்தார்.

"அவரு இல்லம்மா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். குட்டியின் காலைத் தடவிக் கொடுத்தார். அப்புறம், "சரி, அவரு பங்குக்கும் சேத்து நானே இறுக்கிப் போட்டுடறேன்" என்றார்.

போட்டார் அண்ணி! ஊன்றுகோலோடு திரிந்த குட்டி இப்போது கோடு போட்ட மாதிரி நேராக நடக்கிறாள். பள்ளிக்கூட மாடியில் அவள் விறுவிறுவென்று ஏறினதைப் பார்த்து விளையாட்டு வாத்தியார் விசிலை வாயிலேயே மறந்துவிட்டார். வீட்டில் அவர் வருகிற மாதிரி கேட்ட அந்தச் சத்தம் இல்லை. இல்லாமலே இருக்கட்டும். தெருவில் எந்தப் பிள்ளை முட்டி வலி என்றாலும் முதலில் என்னிடம்தான் கூட்டிவருகிறார்கள், நான் இடுப்பைப் பார் என்று அனுப்புகிறேன். என்னை இனி யாரும் ஏமாற்ற முடியாது. ஆகையால் தம்பி நடை போச்சே என்று அழுவதற்கு நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருடைய இடுப்பும் முட்டியும் அவையவை இருக்கிற இடத்தில் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் குட்டி மறுபடி நொண்டினாள். அலறியடித்து டாக்டரம்மாவிடம் தூக்கிப் போய் "இடுப்பு, இடுப்பு" என்று கத்தினேன். அவர் இடுப்பையும் பார்த்தார், படமும் எடுத்தார், திருகாணி அசையவில்லை. பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலில் கொப்புளம். நீங்கள் பார்சலில் அனுப்பின செருப்புதான் கடித்திருக்கிறது. பிள்ளை வளர்ந்தது தெரியாமல் போன வருஷத்து அளவில் வாங்கியிருக்கிறீர்கள். நேரில் வந்து காலை அளந்து வாங்கிக் கொடுங்கள். வரும்போது நாலு நாள் இருக்கிற மாதிரி வாருங்கள்.